அழித்த ஐந்து வட்டங்கள்

1996 ஏப்ரல் கடைசி வாரம். கோவை கணபதியில், மோட்டார் பம்பு பட்டறை ஒன்றில் அளவு சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். ஒன்றாம் வகுப்பு படித்த என் மகளைப் பற்றிப் பேச ஆசிரியை கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"எந்நேரமும் ஜன்னலையே பார்க்கறாளுங்க. இன்னொரு வருசம் ஒண்ணாவதுலயே இருக்கட்டுமுங்க" என்றார். ஜூனில் முடிவு சொல்வதாக வந்துவிட்டேன்.

அன்று மாலை டைரியைத் திறந்தால், மே மாதப் பக்கங்கள் ஐந்தில் பென்சில் வட்டங்கள். பதினொரு வருடங்களாக ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதி வருகிறவன் நான். "எழுதச் சொன்னா எழுத மாட்ட, கிறுக்கறதுக்கு மட்டும் கை வருதா?" என்று மகளை அதட்டி, ரப்பரைக் கொடுத்து அழிக்க வைத்தேன். அவள் ஐந்தையும் அழித்தாள்.

குழாயில் தண்ணீர் வரும் நாளையும் நேரத்தையும் நான் குறித்து வைப்பது வழக்கம். அந்தக் கோடையில் ஒரு சமயம் ஐந்து நாளில் வரும், ஒரு சமயம் ஏழு நாளாகும். மே மாதம் இரண்டாவது முறை தண்ணீர் வந்த அன்று எழுதும்போது, பேனா முனை சொரசொரப்பில் மாட்டியது. ரப்பர் தேய்த்த தடம். முதல் முறை வந்த நாளைப் புரட்டினேன். அங்கேயும் வட்டம் இருந்த தடம்.

அடுத்த தடம் இருந்த நாளில் ஐந்து மணிக்கே எழுந்து குடங்களை வரிசையாக வைத்தேன்.

"ஏனுங்க, கனவுல வந்து தண்ணிக்காரரு சொன்னாருங்களா?" என்று மனைவி சிரித்தாள்.

ஆறு மணிக்குக் குழாயில் காற்று சீறியது. பிறகு தண்ணீர் விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மகள் எழுந்து வந்ததும், "எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நமக்கு முன்னால நாலு வீதி இருக்குதுங்கப்பா. தண்ணி உடற மாமா ஒரு நாளைக்கு ஒரு வீதிதான் தொறப்பாரு. மேட்டு வீதிக்கு மட்டும் ஒரு தடவை விட்டு ஒரு தடவை ரெண்டு நாள் உடுவாரு. ஞாயித்துக்கிழமை வரமாட்டாரு."

நான் குறித்து மட்டும் வைத்திருந்ததை, அவள் வீட்டு ஜன்னலில் நின்று கண்டுபிடித்திருந்தாள். மீதி இரண்டு வட்டங்களும் தப்பவில்லை.

ஜூனில் அவளோடு டைரியையும் எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போய், நடந்ததைச் சொன்னேன். அழித்த தடங்களை அவர் ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டாவதுக்கே போகட்டுமுங்க" என்றவர், மகள் பக்கம் திரும்பி, "ஜன்னலோரமாவே உக்காந்துக்க அம்மணி" என்றார்.

அடுத்த நாளே அவளுக்கென்று ஒரு டைரி வாங்கிக் கொடுத்தேன். என்னுடைய அந்த டைரி இன்றும் அலமாரியில் இருக்கிறது. அந்த ஐந்து பக்கங்களை விரலால் தொடும்போதெல்லாம், ரப்பரை நீட்டுவதற்கு முன் 'இது என்ன கண்ணு?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றுகிறது.