இரண்டு கார்களும் அப்பாவின் இடது காலும்

அப்பா தேக்காவில் பிறந்தவர். பத்து வயதில் தந்தையை இழந்தார். கப்பல் பட்டறையில் கூலியாகச் சேர்ந்து எழுத்தராக உயர்ந்து, மார்சிலிங் வீட்டில் என்னை வளர்த்து ஆளாக்கினார். அவர் வாங்கிய ஒரே கார் ஒரு வெள்ளைக் கியர் கார். பின்னிருக்கையில் பெல்ட்டே கிடையாது. நான் முன்னால் அமர்ந்தால், பிரேக் போடும்போதெல்லாம் அவருடைய இடது கை என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து நிற்கும்.

நான் உரிமம் எடுத்த வாரம், புக்கிட் பாஞ்சாங் மேட்டில் கிளட்சைச் சரியாக விடத் தெரியாமல் மூன்று முறை வண்டியை நிறுத்திவிட்டேன்.

"இறங்கு. நடந்து வா," என்றார்.

நடந்தேன். வீடு சேர்ந்தபோது மாலை ஆறு மணி. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலரும் அந்தக் கதையை அவர் சொல்லக் கேட்டுச் சிரித்திருக்கிறீர்கள். நான் சிரித்ததில்லை.

இரண்டாவது கார் என்னுடையது. ஆட்டோ, கிளட்ச் இல்லை. எல்லா இருக்கைக்கும் பெல்ட் உண்டு. சென்ற மாதம் தேக்காவில் சாமான் வாங்கிவிட்டுப் புறப்படும்போது அப்பா சாவி கேட்டார்.

"ஒரு தடவ குடும்மா. நான் ஓட்டாத ரோடா லா இது?"

கொடுத்தேன். முதல் சிக்னலில் அவருடைய இடது கால் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தது. பின்னால் இருந்த என் ஆறு வயது மகள் முன்னிருக்கையில் மோதினாள். நெற்றியில் ரத்தம்.

"இறங்குங்கப்பா. நடந்து வாங்க," என்றேன்.

அவருக்கு உடனே புரிந்தது. இறங்கி, பின்கதவருகே குனிந்து பேத்தியைப் பார்த்தார். "நீ அன்னிக்கு ஆறு மணிக்கு வந்துட்ட. நான் எப்ப வர்றேன்னு பாப்போம்," என்று சிரித்தார்.

மகளுக்கு இரண்டு தையல். அப்பா நண்பகல் வெயிலில் நடந்து, ஒரு பேருந்து நிறுத்தத்தின் அருகே விழுந்தார். மருத்துவமனையில் ஒன்பது நாள்கள் பேச்சில்லை. போர்வைக்குள் இடது கால் மட்டும் எதையோ மிதித்துக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் அதுவும் நின்றது.

"வயசான காலத்துல கார எதுக்குத் தொடணும்?" என்று துக்க வீட்டில் சிலர் பேசினீர்கள். இனி அப்படிப் பேச வேண்டாம். அன்று மகளுக்குப் பெல்ட் போட மறந்தவள் நான். குனிந்து பார்த்தபோது, மாட்டாமல் தொங்கிய பெல்ட்டை அப்பாவும் பார்த்தார். அதைச் சொல்லிக்காட்டவில்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் தாங்கியிருந்த கட்டுமானத் தொழிலாளித் தம்பிக்கும், தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. அந்தத் தம்பியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

நேற்று பள்ளிக்குக் கிளம்பும்போது மகள் காரில் ஏறியதும் சொன்னாள்:

"அம்மா, பெல்ட் நானே போட்டுட்டேன். என்னை இறக்கி விட்டுடாதீங்க."