கச்சான் காற்றும் அரைப் பேணிக் கஞ்சியும்

சண்டைக் காலத்தில், வன்னியில் வட்டக்கச்சிப் பக்கம் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்களில் நடந்த ஆஸ்பத்திரிக்குக் குசினி கட்டி, அதிலேயே சமைத்தவன் நான். களிமண்ணில் மூன்று அடுப்பு. சீமெந்து கிடைக்காத காலத்தில் தண்ணீர்த் தொட்டி. உழவு இயந்திரத்தின் பழைய தகரத்தில் புகைபோக்கி. மண்ணெண்ணெய் இல்லை, சில கிழமை உப்பும் இல்லை. ஆனாலும் என் கையால் ஒரு நேரச் சாப்பாடு பிந்தியதில்லை. படித்தது மூன்றாம் வகுப்பு. டயட் சீட்டை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இப்போது வேலைக்கு வரும் அட்டென்டன்மாரும், மிஸ்ஸி என்று நாங்கள் சொல்லும் தாதிமாரும் அறியட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. நான் விட்ட பிழை

முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த மீன்பிடிக் குடும்பம். பிள்ளைக்குப் பதினேழு வயது. றெஜினா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. எலும்பும் தோலுமாக வந்தாள். மெலிந்த பிள்ளை என்றால் சாப்பாடு கிடைக்காத பிள்ளை என்றுதான் அந்த நாளில் எங்களுக்குத் தெரியும். கோப்பை நிறையச் சோறும் பருப்பும் போட்டுக் கொண்டுபோனேன்.

தாய் அழுதாள். "அண்ணை, வீட்டில நிவாரண அரிசி கிடக்குது. கடவுளாணைக் கிடக்குது. இவள் தொடுறாளில்லை."

"நான் போட்டாத் தொடுவாள் தங்கச்சி. என்ர கை அப்பிடி."

றெஜினா கோப்பையைப் பார்க்கவில்லை. தன் மணிக்கட்டை மற்றக் கை விரல்களால் சுற்றிப் பிடித்துக் காட்டினாள். "பாருங்கோ, எவ்வளவு தடிச்சுப் போனன்."

விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

அப்போதுதான் டொக்டர் உள்ளே வந்தார். வயது குறைந்த பெண்பிள்ளை, குரல் மட்டும் பெரியது. "செல்லத்துரை அண்ணை, ஆர் இந்தக் கோப்பையை வைச்சது?"

"நான்தான் டொக்டர். பிள்ளை பசியில..."

"இது பசியில்லை அண்ணை, வருத்தம், மனசில வாற நோய். சாப்பாடு இருந்தாலும் மனம் விடாது. கன நாள் காஞ்ச உடம்புக்குள்ள இவ்வளவும் ஒரேயடியாப் போனா இதயம் நிண்டிடும். ஆளைக் கொல்லப் பாத்தீங்கள்."

டொக்டர் மூன்று ஓர்டர் போட்டார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தகரக் குவளையில் அரைப் பேணிக் கஞ்சி. அவள் குடிக்கும்போது ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். ஒருவரும் அவளிடம் 'சாப்பிட்டியோ' என்று கேட்கக்கூடாது. வன்னியில் அதைக் கேட்காமல் இருப்பதா? ஆளை ஆள் கண்டால் முதலில் வாயில் வருவது அதுதானே!

"ஆர் டொக்டர் பக்கத்தில இருக்கிறது? மிஸ்ஸிமாருக்கு நேரமில்லையே."

"பிழை விட்டது நீங்கள். நீங்களே இருங்கோ."

2. நாலு காற்று

சமையல்காரனிடமிருந்து சாப்பாட்டுக் கதையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் பேணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கஞ்சி ஆறி ஆடை பிடித்தது. அவள் தொடவேயில்லை. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் பிள்ளை தப்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் வேறு வழியில்லாமல் கடலைப் பற்றிக் கேட்டேன். "பிள்ளை, உங்கட கடல் எப்ப அமைதியா இருக்கும்?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கச்சான் தொடங்கினாத்தான்."

"கச்சானோ? வறுத்ததோ, அவிச்சதோ?"

கச்சான் என்றால் எனக்கு நிலக்கடலை. சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தேன். 'சாப்பிட்டியோ' என்று கேட்கக்கூடாத இடத்தில் தின்பண்டத்தைக் கேட்டுவிட்டேன்.

அவள் திரும்பினாள். "ஐயோ மாமா! அது காத்து! மேக்கால வாற காத்து! உங்களுக்குக் கொறிக்கிற கச்சான் மட்டும்தான் தெரியும் போல!"

சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன் கை தானாகப் பேணிக்குப் போய், ஒரு கரண்டி கஞ்சி வாய்க்குள் போனது. அது தொண்டையில் இறங்குவதை நான் பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்டவன். ஒரு கரண்டி இறங்குவதைப் பார்த்துக் கை கூப்பியது அன்றைக்குத்தான்.

பிறகு கொண்டல், சோளகம், வாடை என்று மற்றக் காற்றுகளும் கதைக்குள் வந்தன. திசையை வேண்டுமென்றே பிழையாகச் சொல்வேன். திருத்தித் திருத்திப் பேணியை முடிப்பாள். தராசு முள் மெல்ல நகர்ந்தது.

அப்போதுதான் அவளின் சித்தி ஒருத்தி பார்க்க வந்தாள். "இப்ப கொஞ்சம் சதை வைச்சு வடிவாயிருக்கிறாய் பிள்ளை" என்றாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். றெஜினா வாயை மூடியவள் இரண்டு நாள் திறக்கவில்லை. சேலைன் ஏற்றினார்கள்.

நான் வார்ட் வாசலில் போய் நின்றேன். "உள்ள போறவை சாப்பாட்டுக் கதையும் உடம்புக் கதையும் கதைக்கப்படாது."

"அப்ப என்னத்தைக் கதைக்கிறது?"

"காத்தைப் பற்றிக் கதையுங்கோ."

குசினிக்காரனுக்கு விசர் என்றார்கள். மூன்றாம் நாள் விடிய றெஜினாவே கேட்டாள்: "மாமா, இண்டைக்கு என்ன காத்து?" கேட்டுக்கொண்டே பேணிக்குக் கையை நீட்டினாள்.

சோறு இல்லாமல் போராடியவர்களை வன்னியில் நிறையக் கண்டிருக்கிறேன். கண்முன் சோறு இருக்க, தன் மனத்தோடு கரண்டி கரண்டியாகப் போராடி வென்றவளை அவளுக்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. மாதங்கள் கழிந்து தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள்.

3. இரண்டு வரி

டொக்டர் பிறகு கொழும்புக்குப் போனார். இந்த வருத்தத்தை எப்படிப் பார்ப்பது என்று நாட்டின் எல்லா ஆஸ்பத்திரிகளுக்குமாக ஒரு கைநூல் எழுதியவர்களில் அவரும் ஒருவர். நான் நெளுக்குளம் என்ற ஊருக்கு வந்திருந்தபோது அங்குள்ள ஆஸ்பத்திரி மிஸ்ஸி ஒருவர் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

'உணவு வேளையில் உணவல்லாத விடயங்களைப் பேசவும். நோயாளியின் உடலைப் பற்றியோ உணவைப் பற்றியோ பேசாதிருக்கும்படி பார்வையாளர்களுக்கு வாசலிலேயே சொல்லவும்.'

மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். வட்டக்கச்சிக் கொட்டிலில் நடந்தது நாடு முழுக்கப் போயிருக்கிறதே! பின் பக்கத்தில் பெயர்கள் இருந்தன. எல்லாம் படித்தவர்கள். என் பெயர் இல்லை.

அவர்களும் தங்கள் தங்கள் இடத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். மறுக்கவில்லை. வட்டக்கச்சியில் கண்டுபிடித்தவன் நான். நான் படித்த பாடமும் அதுதான்: பசிக்குச் சோறு போடலாம், இந்த வருத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்த இரண்டு வரிக்குக் கீழே 'செல்லத்துரை, சமையல்காரர்' என்று போடவேண்டும். றெஜினாவின் பெயரை அவளைக் கேட்காமல் போடக்கூடாது. என் பெயருக்கு ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. போடுங்கள்.