எடை பார்த்த நேரம்

சோதனைக்கூடத்தில் அவரை எல்லோரும் 'மில்லிகிராம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏவுகணையின் மூக்கு நுனிக்கான கரித்துண்டுகளைச் சூட்டுச் சோதனைக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடம், பதினெட்டுப் பதிவேடு. ஓர் அடித்தல் கிடையாது.

கரி ஈரத்தைக் குடிக்கும். உலர்த்தும் அடுப்பிலிருந்து எடுத்த பத்து நிமிடத்துக்குள் எடை பார்த்துப் பெட்டியில் அடைத்துவிட வேண்டும். அன்று அடைமழை. 'எடுத்தது 10.05, எடை 10.12' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பதினொன்றரைக்கு மனைவி மறுபடி போன் செய்தாள்.

"காலையில அரை மணி நேரம் போன்லயே நின்னு உடைஞ்ச குழாய்க்கு ஒரு வால்வை மூடச் சொன்னீங்களே, அது பக்கத்து வீட்டோடதாம். நம்ம வீடு குளம், அவங்க வீடு பாலைவனம்!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அரை மணி நேரமா? நுனியை மேசைமேல் வைத்ததும் போன் வந்தது. பேசி முடித்துத்தான் எடை பார்த்தார். கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. எப்போதும் ஏழு நிமிடம் ஆகும். கை அதையே எழுதிவிட்டது.

உள்ளே புகுந்த ஈரம் சூட்டில் ஆவியானால் நுனி வெடிக்கலாம். இருப்பது அது ஒன்றுதான். செய்ய எட்டு மாதம் ஆனது.

ஓடினார். சோதனைக்கு நுனியைச் சுடும் சுடர்க்கலத்தை இயக்குகிறவன் அவர் மச்சான், மனைவியின் தம்பி. கை பொத்தான்மேல் இருந்தது.

"நிறுத்துடா!"

"என்ன மாமா, வீட்டுல வெள்ளமா?"

"நேரத்தைப் பார்க்காம எழுதிட்டேன்டா."

அவன் கையை எடுத்துவிட்டான்.

நான்கு மணி நேரம் மறுபடி உலர்த்தி எடை பார்த்தார்கள். முக்கால் கிராம் குறைந்திருந்தது. குடித்த தண்ணீர் அவ்வளவு.

தலைமைப் பொறியாளர் திட்டவில்லை. "நல்லவேளை, சொன்னீங்க. சோதனையை நாளைக்கு வச்சுக்கலாம்" என்றார். பிறகு பதிவேட்டைப் புரட்டியபடியே கேட்டார்: "பழைய நேரமெல்லாம் பார்த்து எழுதினதுதானே?"

"ஆமா" என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் ஏழு நிமிடம். ஆறும் இல்லை, எட்டும் இல்லை.

"தெரியலைங்க" என்றார்.