கார்டியன் கையெழுத்து

ஃபலேசி நக்கும்வாவுக்கு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. ஆனால் டாக்டரால் முடியாத ஒரு காரியத்தை அவள் செய்வாள். வலிப்பு வந்த பிள்ளையின் முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க, கூட வந்தவர்களைச் சம்மதிக்க வைப்பாள்.

அந்த ஊசியைக் குத்தினால் பிள்ளை செத்துவிடும் என்பது முலாஞ்சே மலையடிவாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சும்மா கிளம்பிய பேச்சும் இல்லை. வேறு எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில்தான் டாக்டர்கள் அதைக் கையில் எடுப்பார்கள். ஊசியைப் பார்த்த குடும்பம் மறுநாள் சவப்பெட்டியைப் பார்க்கும். டாக்டர் சிசெங்கா காகிதத்தில் முதுகெலும்பு படமெல்லாம் வரைந்து விளக்குவார். பெண்கள் தலையை ஆட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் பிள்ளையைத் துணியில் சுற்றத் தொடங்குவார்கள். அப்போதுதான் ஃபலேசி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலோரம் உட்காருவாள்.

"என்ன ஆக்கின இன்னிக்கி?"

"என்னத்த ஆக்க, விறகு பூரா ஈரம்."

"கொட்டகை மூலை அடுப்புல வெச்சிருப்ப. அது சனியன், பொகையும். எம்பேரச் சொல்லி நடு அடுப்பக் கேளு." பிள்ளையின் போர்வையைச் சரிசெய்வாள். "எம்பொண்ணு மலீட்டாவும் இந்தக் கட்டில்லதான் கெடந்தா. நாலு வயசு. ஊசி வேணாம்னு நான்தான் கத்துனேன். குத்தவே இல்ல. அப்பவும் செத்துத்தான் போனா."

"எதனால?"

"அதான் தெரியல. குத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவ்வளவுதான். பெரும்பாலும் கையெழுத்து விழுந்துவிடும்.

நான் வைசன், அதே ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் இருப்பவன். மழைக்காலம் வந்தால் எங்களிடம் பிள்ளைகள் வலிப்போடு வருவார்கள். மலேரியா இருக்காது. ஆனாலும் சாவார்கள். மூளைக்குள் ஏதோ கிருமி போகிறது என்பது வரை தெரியும். எந்தக் கிருமி என்று கேட்க உலகத்தில் எவனுக்கும் நேரம் இருக்கவில்லை. கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு திட்டம் வந்தது. உங்கள் ஆராய்ச்சியை நீங்களே செய்ய உங்கள் திறனை வளர்க்கிறோம் என்றார்கள். பழைய சாமான் அறைக்கு வெள்ளையடித்து உறைபெட்டி வைத்தார்கள். கிருமியை அடையாளம் காணும் மெஷின் ஒன்று வந்தது. என்னை ஒரு வருஷம் படிக்க அனுப்பினார்கள். இருநூறு பிள்ளைகளின் முதுகு நீர் சேர்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதிப்பது என்று ஏற்பாடு. மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்கள் சேர்ந்தன. ஃபலேசி இல்லாவிட்டால் இருபதுகூடத் தேறியிருக்காது.

"எப்ப பாப்பீங்க தம்பி?" என்று வாரம் ஒருமுறை கேட்பாள். மலீட்டாவின் முதுகிலிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. ஆனால் அதே மழைக்காலம், அதே வலிப்பு. இந்தப் பிள்ளைகளைக் கொன்றதுதான் அவளையும் கொன்றிருக்கும். அதன் பேர் ஃபலேசிக்குத் தெரிந்தாக வேண்டும். வேறெதுவும் அவள் கேட்டதில்லை.

சோதனை தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது, காகிதங்களைச் சரிபார்க்கத் திட்டத்தாரிடமிருந்து ஆனெகே என்ற பெண்மணி வந்தார். நல்ல மனுஷி. எங்களோடு உட்கார்ந்து கையால் ந்சீமா, எங்கள் சோளமாவுக் களி, பிசைந்து சாப்பிட்டார். மூன்றாம் நாள் ஒரு கட்டுப் படிவங்களை என் முன்னால் வைத்தார்.

"இதுல கையெழுத்து போட்ட பொண்ணு, பிள்ளைக்கு என்ன உறவு?"

"பக்கத்து வீட்டுக்காரங்க மேடம்."

"அவங்க எப்படிக் கையெழுத்து போட்டாங்க?"

"அவங்கதானே கார்டியன்?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆங்கிலப் படிவத்தில், பெற்றோர் அல்லது கார்டியன் கையெழுத்து என்று இருந்தது. எங்கள் நாட்டு ஆஸ்பத்திரியில் கார்டியன் என்றால் ஒரே அர்த்தம்தான்: நோயாளிக்குத் துணையாக வந்து, வெளியே கொட்டகையில் சோறாக்கி, துணி துவைத்து, கட்டிலுக்குக் கீழே படுப்பவர். கொட்டகைக்குப் பேரே கார்டியன் கொட்டகை. அவர்கள் கேட்டது சட்டப்படி பிள்ளைக்குப் பொறுப்பானவரை. எங்கள் வழக்கத்தில் அது தாயின் அண்ணன், தாய்மாமன். படிவத்தை எங்கள் மொழியான சிச்சேவாவில் எழுதியவன் நான். "நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்" என்று அழகாக எழுதிவைத்தேன். படித்த முட்டாள். அதைச் சரிபார்த்தவர்களும் எங்கள் ஊர்க்காரர்களே, ஒருவருக்கும் உறுத்தவில்லை.

ஐம்பத்தெட்டுப் படிவங்கள் அப்படி. வலிப்பு வந்த பிள்ளையைப் பக்கத்தில் இருக்கிறவர்தான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். ரொம்ப மோசமாக வந்த பிள்ளைகள் அவர்கள்தான். செத்துப்போன முப்பத்தொன்பது பேரில் முப்பத்தொருவர் அந்தப் படிவக் கட்டுக்குள் இருந்தார்கள்.

ஃபலேசியிடம் சொன்னேன். பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"மாமனுங்க போட்டா போதுமா?"

"தெரியலக்கா. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறாங்களாம்."

"அவங்க எழுதட்டும். நாம வாங்கிடுவோம்."

ஜூலை மாதம். மலையிலிருந்து இறங்கும் சிப்பெரோனித் தூறல் நாள் முழுக்க விடாது. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். சனி, ஞாயிறில் என் சைக்கிளில் பின்னால் உட்காருவாள். தப்பு என்னுடையதுதான் என்று வழியெல்லாம் புலம்பினேன்.

"உன்னோடதுதான். அதுக்காக மேட்டுல நிறுத்துவியா? மிதி."

உயிரோடிருக்கும் பிள்ளைகளின் வீடு பரவாயில்லை. மற்ற வீடுகள்தான் கொடுமை. ஒரு வீட்டில் ரத்தம் உறிஞ்ச வந்தவர்கள் என்று நாயை ஏவினார்கள். இன்னொரு வீட்டில் தாய்மாமன் தாழ்வாரத்தில் துவரை உரித்துக்கொண்டிருந்தார். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செத்த பிள்ளைக்கு இப்ப கையெழுத்தா? எங்க, பள்ளிக்கூடத்துல சேக்கப் போறீங்களா?"

"திட்டுங்க ஐயா. நல்லா திட்டிட்டுப் போடுங்க."

"அவன் முதுகுல எடுத்த தண்ணி இன்னும் ஒங்ககிட்டதான் இருக்கா?"

"பத்திரமா இருக்கு. எதால செத்தான்னு அது சொல்லும். எம்பொண்ணு எதால செத்தாள்னும் சொல்லும்."

அவர் கையில் இருந்த துவரையைக் கீழே வைத்தார். கட்டைவிரலை வேட்டியில் துடைத்து நீட்டினார்.

ஐம்பத்து நான்கு வாங்கினாள். காய்ச்சலோடு திரும்பி வந்து மேஜைமேல் வைத்தாள்.

பதில் ஆறு வாரம் கழித்து வந்தது. உயிரோடிருக்கும் பிள்ளைகளின் படிவங்கள் செல்லும். இறந்தவர்களுடையது செல்லாது. இறந்த பின் வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே ஆகாதாம். அந்த முப்பத்தொரு குழாய்களையும் அழித்துவிட வேண்டும். இறந்தவர்களுடையதில் மிச்சம் எட்டுக் குழாய்கள். எட்டை வைத்துச் சாவுக்குக் காரணம் இதுதான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திட்டத்தின் காலமும் முடிகிறது, சோதனையே நடக்காது. எங்கள் திறன் வளர்ந்ததற்கு நன்றி தெரிவித்து ஒரு பத்தி இருந்தது. விதி நியாயமான விதிதான், எனக்குத் தெரியும். கேட்காமல் எங்கள் உடம்பில் கை வைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தடுக்க வந்த விதிதான் எங்கள் கழுத்தில் விழுந்தது.

அழிக்கும் நாளன்று ஃபலேசி ஆய்வகத்துக்கு வந்தாள். குழாய்களை எடுத்துத் தட்டில் அடுக்கினேன். நீராவியில் வேகவைத்து, பிறகு குழியில் கொட்ட வேண்டும்.

"எடுக்கறதுக்குக் கையெழுத்து வேணும்னாங்க. கொட்டறதுக்கு யாருகிட்ட வாங்குவ? எந்த மாமன்கிட்ட?"

பதிவேட்டைக் காட்டினேன். இரண்டு ஊழியர்கள் போட்டால் போதும். வீட்டாரைக் கேட்க அதில் இடமே இல்லை.

"ரெண்டாவது நான் போடறேன். வேற யாரும் போட வேணாம்."

போட்டாள். நீராவிப் பாத்திரத்தின் மூடியைத் திருகி நெருப்பைக் கூட்டினேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. அவள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஜனவரி மழையில் ஒரு சித்தி மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி வந்தாள். வலிப்பு நிற்கவில்லை. டாக்டர் சிசெங்கா சீக்கிரமே முதுகு நீரை எடுத்துப் பார்த்துவிட நினைத்தார். சாதாரணக் கிருமி என்றால் இங்கேயே மருந்து இருக்கிறது.

"ஃபலேசி, கேளும்மா."

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அடுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மலீட்டாவைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தச் சித்திதான் கேட்டாள்.

"எங்க ஊர்ப் பிள்ளைக்கும் எடுத்தீங்க. அவங்க மாமன்கிட்ட வந்து ரேகையும் வாங்கினீங்களாமே. என்ன இருந்துச்சு அதுல?"

ஃபலேசி என்னைப் பார்த்தாள். நான் காலிக் குழாயோடு நின்றுகொண்டிருந்தேன்.

"பாக்கலம்மா," என்றாள். "கொட்டிட்டோம்."

அந்தப் பெண் திட்டவில்லை. பிள்ளையை முதுகில் போட்டுத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். டாக்டர் பின்னாலேயே ஓடினார். ஃபலேசி போகவில்லை.