தவிட்டுக்கு விற்ற பிள்ளை

1. நிழலும் கல்லும்

கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றக் காலனிக்கு நான் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதாகப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஆனையிறவைத் தாண்டும்போது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் என் வெள்ளைச் சேலையைக் கவனித்துவிட்டு, "மிஸி எவடத்தை போறியள்?" என்று கேட்டார். தாதிமாரைக் கூப்பிடுகிற மாதிரி என்னை ஒருவர் மிஸி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அழுகை நின்றுவிட்டது. அந்தச் சொல்லுக்காகவே பிறகு முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிள் மிதித்தேன் என்றாலும் பொய்யில்லை.

கையில் இருந்தவை ஒரு கறுப்புப் பை, ஒரு தொங்கு தராசு, வீட்டு விசிட் புத்தகம். தலையில் இருந்தது பயிற்சியில் படித்த பாடம். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால். இடையில் அழுதால் தூக்கக்கூடாது. தூக்கினால் பழகிவிடும், பிள்ளை கெட்டுப்போகும். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அன்று அதுதான் விஞ்ஞானம்.

காலனி வீடுகளில் மணிக்கூடு இல்லை. நான் அதற்கெல்லாம் அசருகிற ஆளா? முற்றத்தில் ஒரு தடியை நட்டு, அதன் நிழல் விழும் இடங்களில் கல் வைத்துக் கொடுத்தேன். நிழல் இந்தக் கல்லுக்கு வந்தால் பால், அடுத்த கல்லுக்கு வந்தால் அடுத்த பால். தாய்மார் "ஓம் மிஸி, ஓம் மிஸி" என்று தலையை ஆட்டுவார்கள். என் சைக்கிள் ஒழுங்கையால் திரும்புவதற்குள் பிள்ளை இடுப்பில் ஏறியிருக்கும். நான் திரும்பி வந்து ஏசிய நாட்களும் உண்டு. வாய்க்கு அப்போது பூட்டு இல்லை.

சொன்னதைச் சொன்னபடி செய்தவள் ஒருத்திதான். அவள் பெயர் பூமணி.

2. குழப்படி இல்லாத பிள்ளை

பூமணியும் அவள் புருஷன் செல்லத்துரையும் குடாநாட்டிலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். காலனியில் அவர்களுக்குச் சொந்தமென்று ஒருவரும் இல்லை. முதல் இரண்டு பிள்ளைகளும் மூன்று மாதம் தாண்டவில்லை. மூன்றாவது ஆண். அவன் பிறந்தது என் கையில்.

முப்பத்தோராம் நாள் பேற்றுத் துடக்குக் கழிக்கும் சடங்குக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அன்றைக்குப் பிள்ளையை விற்றார்கள். பயப்பட வேண்டாம், அது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். முந்திய பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்ததை ஒரு சுளகுத் தவிட்டுக்கு வேறொருத்திக்கு விற்பார்கள். பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்றாகிவிட்டால், அதைத் தேடி வருகிற எதுவும் ஏமாந்து திரும்பிவிடும் என்று நம்பிக்கை. வாங்கியவள், "என்ர பிள்ளையை வளத்து வையுங்கோ" என்று சொல்லித் தாயிடமே விட்டுப்போவாள். வருடம் திரும்பியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்பார்கள்.

வாங்கியவள் திரேசம்மா. முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. புதன்கிழமைகளில் கருவாட்டுக் கடகப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். குரல் ஏழு வீட்டுக்குக் கேட்கும். தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். எல்லோரும் சிரித்தோம். எங்கள் ஊரிலும் இது உண்டு. விற்ற தாய் அடுத்த நிமிடமே பிள்ளையை வாங்கி முத்தம் கொடுப்பாள். பூமணி கொடுக்கவில்லை. வாங்கி ஏணைத் தொட்டிலில் கிடத்திவிட்டுக் குசினிக்குள் போனாள். நான் அதைக் கண்டேன், கவனிக்கவில்லை.

அடுத்த விசிட்டுகளில் அந்த வீட்டுக்குப் போவதே எனக்குப் பெருமை. நிழல் கல்லுக்கு வந்தால் பால், இல்லாவிட்டால் ஏணை. பிள்ளை ஆரம்பத்தில் அழுதான். பிறகு அழுகை நின்றுவிட்டது. "குழப்படியே இல்லை மிஸி" என்பாள் பூமணி. புத்தகத்தில் "நல்ல பிள்ளை" என்று எழுதினேன். மற்ற வீடுகளில் போய், "பூமணியைப் பாத்துப் பழகுங்கோ" என்று வேறு உபதேசம்.

3. முள் நகரவில்லை

மூன்று மாதம் முடியும்போது தராசு முள் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த கிழமையும் அதே இறாத்தல். அதற்கடுத்த கிழமை இரண்டு அவுன்ஸ் இறங்கியது. தாய்க்குப் பால் நிறைய இருந்தது. கிளினிக்கில் கொடுத்த பால்மாவையும் கரைத்துப் பார்த்தோம். கடைவாயால் வழிந்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டொக்டர் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்துவிட்டு, "நோய் வருத்தம் ஒண்டும் தெரியேல்லை, குடுக்கிறதைக் குடுங்கோ, பாப்பம்" என்றார்.

எடையை விட அவன் கண்தான் என்னைப் பயப்படுத்தியது. குனிந்து முகத்தைக் காட்டினால் என் தோளுக்கு மேலால் கூரையைப் பார்த்தான். அந்த வயதுப் பிள்ளை ஆளைக் கண்டால் சிரிக்க வேண்டும். இவன் பிறந்து இன்னும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் பூமணி மெதுவாகக் கேட்டாள்.

"இவனும் போயிடுவானோ மிஸி?"

வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

4. வாங்கினவள் சொல்லு

அடுத்த புதன்கிழமை நான் அந்த வீட்டில் நின்றபோது திரேசம்மா வந்தாள். கடகத்தை இறக்கி, கையைக் கழுவி, யாரையும் கேளாமல் ஏணைக்குள் கையை விட்டுப் பிள்ளையைத் தூக்கினாள்.

"என்ர ராசா! என்ர தவிட்டு மூட்டை! ஏனடா மெலிஞ்சு போனாய்? அம்மாவைத் தேடினனியோ? பஸ்ஸில ஒரே சனமடா, அம்மா நிண்டு கொண்டெல்லோ வந்தனான்…"

முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டே இருந்தாள். தூக்க வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளையின் கண் கூரையிலிருந்து இறங்கி வந்து அவள் முகத்தில் நின்றது. உதடு கோணியது. அழப்போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். சின்னச் சிரிப்புத்தான், ஒரு பக்கத்து வாயால்.

குசினி வாசலில் நின்ற பூமணி சட்டென்று உள்ளே திரும்பினாள். பின்னால் போனேன். அடுப்படியில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நீங்கள் பிள்ளையோட கதைக்கிறேல்லையோ?"

"இல்லை மிஸி."

"ஏன்?"

"கதைச்சால் என்ர எண்டு தெரிஞ்சிடும்."

"ஆருக்குத் தெரிஞ்சிடும்?"

மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "முதல் ரண்டையும் கொஞ்சிக் கொஞ்சித்தான் வளத்தனான். ரண்டும் போயிட்டுதுகள். இவனை வித்த நாளையில இருந்து முகம் பாக்காமல்தான் பால் குடுக்கிறன். நீங்களும் தூக்க வேண்டாம் எண்டு சொன்னியள். எனக்கு அது நல்லதாப் போச்சு."

செவிட்டில் அறைந்தது போல் இருந்தது. அவளுடைய பயத்துக்கு நான் அரசாங்க முத்திரை குத்திக் கொடுத்திருந்தேன். ஆனாலும் புத்தி உடனே வரவில்லை. "உதெல்லாம் மூடநம்பிக்கை" என்று தொடங்கினேன். அவள் முகம் இறுகிவிட்டது. இன்னும் நாலு வார்த்தை பேசியிருந்தால் அடுத்த விசிட்டுக்குப் படலையே திறந்திருக்காது.

வெளியே வந்து திரேசம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் இரண்டு நடை நடந்தாள். பிறகு அந்தக் குரல் எழும்பியது.

"பூமணி, இஞ்ச வா. இது ஆற்ற பிள்ளை?"

"உங்கட பிள்ளை அக்கா."

"நான் தவிடு குடுத்து வாங்கினதோ இல்லையோ?"

"ஓம்."

"அப்ப வாங்கினவள் சொல்லுறதைக் கேள். நான் கிழமைக்கு ஒருக்கா வாறவள். மற்ற ஆறு நாளும் என்ர பிள்ளையோட ஆர் கதைக்கிறது? இப்பிடி ஊமையா வளக்கவோ உன்னட்ட விட்டனான்? தூக்கு, கொஞ்சு, கதை. அயலட்டைப் பிள்ளையைக் கொஞ்சினால் ஆர் வந்து என்ன கேக்கிறது?"

பூமணி யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"திரேசக்காவின்ர பிள்ளை எண்டு சொல்லிக் கொஞ்சலாமோ மிஸி?"

"கொஞ்சலாம். எப்பவும் தூக்கலாம். அழுதாலும் தூக்கலாம், அழாட்டிலும் தூக்கலாம்" என்றேன். முற்றத்தில் நான் வைத்த கற்களை நானே பொறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

பூமணி பிள்ளையை வாங்கினாள். வேலிப் பக்கம் பார்த்து, கேட்க வேண்டிய எவருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னாள்: "திரேசக்காவின்ர ராசா! திரேசக்காவின்ர குஞ்சு!" எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

5. எழுத இடமில்லாதது

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் கிழமை முள் அசையவில்லை. பூமணிக்குக் கதைக்கவும் தெரியவில்லை. "என்னத்தைக் கதைக்கிறது மிஸி?" என்று கேட்டாள். "சோறு வடிக்கிறதைச் சொல்லுங்கோ, வாய்க்காலில தண்ணி வந்ததைச் சொல்லுங்கோ" என்றேன். அப்படியே செய்தாள். எந்த வயலில் மடை திறந்தது, எந்தக் காகம் கருவாட்டைத் தூக்கியது, எல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மூன்றாம் கிழமை நான் சைக்கிளை நிறுத்த முன்னமே படலைக்கு ஓடி வந்தாள்.

"மிஸி, திரேசக்காவின்ர பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சவன்!"

அன்று முள்ளும் நாலு அவுன்ஸ் ஏறியிருந்தது. எங்கள் மேற்பார்வைத் தாதியிடம் இதைச் சொன்னேன். நல்ல மனுஷி, ஆனால் "உதை எழுத ஃபோமில இடமில்லையே" என்றார். ஓரத்தில் எழுதி வைத்தேன்: தாய் கதைக்கிறாள்.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்க முன் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். பிள்ளை யாருடைய முகத்தைத் தேடுகிறது, யாருடைய குரலுக்குத் திரும்புகிறது என்று பார்ப்பேன். எடை பார்ப்பது அதற்குப் பிறகுதான். நான் இந்த வேலையில் படித்தது இவ்வளவுதான். "ஓம் மிஸி" என்று சொல்லிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் பிள்ளையைத் தூக்கிய தாய்மாருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டவள். நல்ல பிள்ளை என்று நான் எழுதிய மற்றப் பிள்ளைகளில் எத்தனை பேர் வாய் ஓய்ந்துபோய்க் கிடந்தார்களோ, தெரியாது.

வருடம் திரும்பியது. மீட்கிற நாளில் திரேசம்மா ஒரு புதுச் சட்டையோடு வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பூமணி சுளகில் தவிட்டை ஏந்திக்கொண்டு எதிரே நின்றாள். வழக்கப்படி தாய்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

"என்ன வேணும்?" என்றாள் திரேசம்மா.

"பிள்ளை."

"ஆற்ற பிள்ளை?"

பூமணி சுளகை இறுக்கிப் பிடித்தாள். சொல் வரவில்லை. செல்லத்துரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரேசம்மாவும் விடவில்லை. "சொல்லு, சொன்னாத்தான் தருவன்" என்றாள். அந்தப் பயல் அவள் மடியில் எழும்பி நின்று, பூமணியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக் கத்தினான். சுளகு கையை விட்டு விழுந்தது. தவிடு முற்றமெல்லாம் பறந்தது.

"என்ர" என்றாள் பூமணி. "என்ர பிள்ளை. தாங்கோ அக்கா."

அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்குப் பதினொரு மாதம் பிடித்தது.