விமான நிலையத்துக்குப் போன நாற்காலி

வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்குக்கு ஒரு வாசனை உண்டு. புதுப் புத்தகப்பையைத் திறந்தது போலவும் லேசாக எதுவோ கருகியது போலவும் இருக்கும் அந்த வாசனை எங்கே வந்தாலும், நான் சிறுமியாகி, எங்கள் தெருவில் வாடகை வேன் ஓட்டிய செல்வம் அண்ணனின் வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். வேனின் மேல் கேரியரில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய ஒரு சிவப்பு நாற்காலி இருக்கும். அத்தா வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றால் முதலில் வேனில் ஏறுவது அந்த நாற்காலிதான், நாங்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அத்தா என்று நாங்கள் கூப்பிட்டது அப்பாவை. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். பல்லாவரத்தில் எங்கள் வீடு விமானங்கள் இறங்குகிற வழிக்கு நேர் கீழே இருந்தது. ஒவ்வொரு விமானம் போகும்போதும் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கும், பேச்சு பாதியில் நிற்கும், "பிளேன் போவட்டும், அப்புறம் சொல்லு" என்பார் அம்மா. எங்கள் வீட்டில் சண்டைகள்கூட இப்படி நடுவில் நின்று நின்றுதான் நடந்தன, பல சண்டைகள் விமானம் போனபிறகு மறந்தும் போயின. இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தும், விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நாற்காலி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்ததில் அம்மாவின் வலது கால் சூம்பிப்போயிருந்தது. சுவரையோ என் தோளையோ பிடித்துக்கொண்டு நன்றாகவே நடப்பார், வெகுநேரம் நிற்கத்தான் முடியாது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் விமான நிலைய வாசலில் நிற்பது என்றால் உண்மையிலேயே நிற்பதுதான். இரும்புக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வேன் வேனாக வந்து இறங்கிய கூட்டம், பெட்ஷீட்டை விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்திருக்கும் தாய்மார்கள், தூக்குவாளியில் புளிசாதம். விமானம் வந்துவிட்டதா, தாமதமா என்று கேட்க ஆள் கிடையாது, அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்து "எந்த ஃபிளைட்டுங்க?" என்று கூட்டமாகக் கத்துவதுதான் எங்கள் அறிவிப்புப் பலகை. அதனால் வெள்ளிக்கிழமைச் சந்தையின் பழைய சாமான் குவியலிலிருந்து வாங்கிய, ஒரு கைப்பிடியில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்புள்ள அந்த நாற்காலியை அம்மா கூடவே கொண்டுவந்துவிடுவார்.

"இன்னாமா, வூட்லருந்தே சேர எத்துனு வந்துட்டியா? அடுத்த தபா கட்டிலையும் எத்தாந்துடு" என்று ஒருமுறை காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சிரித்தார்.

"கட்டிலுக்கு வேன்ல எடம் இல்ல சார்" என்றார் செல்வம் அண்ணன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அம்மாவும் அதில் தனியாக உட்கார்ந்துகொண்டே இருக்கமாட்டார். வயிற்றுப் பிள்ளைக்காரி யாராவது நின்றால் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, என் தோளில் சாய்ந்துகொள்வார். நாற்காலி ஊர் நாற்காலியாகச் சுற்றிவிட்டு, அத்தாவின் தலை தெரிகிற நேரத்துக்குத்தான் எங்களிடம் திரும்பும்.

வழியனுப்பப் போகிற நாள்தான் கஷ்டம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மா உட்கார்ந்திருக்க, அத்தா குனிந்து ஒவ்வொரு முறையும் அதையே கேட்பார். "ஒரு தடவ வந்து பாரேன். லீவுல புள்ளைங்களையும் கூட்டிட்டு வா. எல்லா ஏற்பாடும் நான் பண்றேன்."

"புள்ளைங்க படிப்பு கெட்டுடும்ங்க" என்பார் அம்மா. மே மாதத்தில் என்ன படிப்பு கெடும் என்று எனக்கே தெரியவில்லை. அத்தாவுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார், கதவு மூடிக்கொள்ளும், கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரியும்.

உண்மைக் காரணம் ஜமீலா பெரியம்மா. பக்கத்து வீட்டுக்காரரான அவர் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர், எங்கள் சந்தில் விமானம் ஏறிய ஒரே பெண்பிள்ளை. போன இடத்தில் ஏதோ ஒரு மைதானத்தில் விமானத்தை நிறுத்தி ஆட்களை இறக்கி ஏற்றியதைப் பார்த்துவிட்டு வந்து, "ஏணில ஏறணும் தங்கச்சி, மாடிப்படி மாதிரி ஒசரம். ஏற முடியாதவங்கள சேர்ல வெச்சு ரெண்டு ஆம்பளைங்க தூக்கினு போறாங்க, மொத்த ஜனமும் பாக்குது" என்று சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். அம்மாவுக்கு அது போதும். "நான் என்ன அட்டைப்பொட்டியா, ரெண்டு பேர் தூக்கினு போறதுக்கு?" என்றார். ஊனத்தைப் பற்றி அம்மாவுக்கு வெட்கம் இருந்ததில்லை, அந்நியர் தன்னைத் தூக்குவதைத்தான் அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இதை அத்தாவிடம் சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

நான் பத்தாவது முடித்த கோடையில், அத்தாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் போன் செய்தார். அத்தாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பக்கத்தில் சொந்தம் என்று யாராவது இருந்தால் தேவலை என்றார். அம்மா ரிசீவரை வைத்தார். தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. அது போய் முடிந்ததும், "பாஸ்போர்ட்ட எடு" என்றார். அத்தா எப்போதோ எடுத்துக்கொடுத்து, பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த பாஸ்போர்ட்டுகள் அவை. விசா வந்ததும் தம்பியை மாமு வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கிளம்பும்போது அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: நாற்காலியும் வரவேண்டும். முதல்முறையாகக் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்தபோது எங்கள் தள்ளுவண்டியில் சூட்கேஸின் மேல் அது ராஜாவைப் போல உட்கார்ந்திருந்தது. பெட்டிகளைச் சோதிக்கும் இயந்திரத்தின் வாயில் அது நுழையாமல் குறுக்கே மாட்டிக்கொள்ள, பின்னால் வரிசை நீண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விமான நிறுவனத்துப் பெண் ஒருவர் ஓடிவந்து, "இது எதுக்குங்கக்கா?" என்று கேட்டார்.

"ஏணில என்னைத் தூக்கும்போது உக்காரத்தான். தூக்குறதுதான் தூக்குறாங்க, நம்ம வூட்டு நாற்காலில தூக்கட்டும்" என்றார் அம்மா, தலையை நிமிர்த்திக்கொண்டு.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். "எங்ககிட்ட சக்கர நாற்காலி இருக்குக்கா, ஃபிளைட்டு வாசல்வரைக்கும் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆளனுப்பினார். நான் சிவப்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, செல்வம் அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சக்கர நாற்காலியைத் தள்ளிய ஊழியர் எங்களை லிஃப்டில் ஏற்றினார், நீண்ட நடைபாதைகளில் கூட்டிப்போனார், கடைசியில் ஒரு குகை போன்ற பாதைக்குள் நுழைந்தார். அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். "ஏணி எங்கப்பா?"

"இன்னா ஏணி? ஃபிளைட்டு வாசல் இதாம்மா. எறங்குங்க."

அம்மா குனிந்து பார்த்தார். தரைக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி, அவ்வளவுதான். என் தோளைக்கூடப் பிடிக்காமல் எழுந்து, தானே கால் எடுத்துவைத்து உள்ளே போனார். போனவர் திரும்பி, "இத எப்பப்பா கட்னாங்க?" என்று கேட்டார்.

"தெர்லமா. நான் வேலைக்கு வந்தப்பவே கீது."

இருக்கையில் உட்கார்ந்தபிறகுதான் அம்மா அழுதார். "இத்தினி வருஷமா இது இங்கியே இருந்திருக்குடி. அவரு கேட்டப்பல்லாம் நான் போயிருக்கலாம்" என்றார்.

இப்போது விமான நிலையத்தைப் பற்றி யாராவது என்னிடம் குறைப்பட்டுக்கொண்டால், அதுவும் டீ விலையைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டால், எனக்குக் கோபம்தான் வருகிறது. மெட்ரோவில் வந்து இறங்கி ஒரு படிகூட ஏறாமல் லிஃப்டிலேயே உள்ளே போகலாம். விமானம் எங்கே பறக்கிறது என்று சமையலறையில் நின்றபடி கைப்பேசியில் பார்க்கலாம். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வரிசை வரிசையாக நாற்காலிகள் இருக்கின்றன. டிக்கெட் எடுக்கும்போதே 'நடக்கச் சிரமம்' என்று சொல்லிவிட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிட வருகிறார்கள். கதவுக்கு வெளியே இருப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. எல்லா முன்னேற்றத்திலும் இதுதான் பெரிது என்பேன்.

போன மாதம் தோஹாவில் இருக்கும் தம்பியைப் பார்க்க அம்மாவையும் அத்தாவையும் அழைத்துக்கொண்டு போனேன். வாசலில் வேன்களும் பெட்ஷீட்டும் புளிசாதமும் இல்லை. சிவப்பு நாற்காலி கால் உடைந்து, வந்த சந்தைக்கே எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. மூட்டு தேய்ந்துபோன அத்தா, அவருக்காக வந்த சக்கர நாற்காலியைப் பார்த்ததும் முறைத்தார். "என்னை எதுக்குத் தள்ளிட்டுப் போவணும்? நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"உக்காருங்க. நான் உக்காரல?" என்றார் அம்மா.

இரண்டு நாற்காலிகளும் பக்கத்துப் பக்கத்தில் போன வேகத்துக்கு நான் பையோடு ஓடவேண்டியிருந்தது. விமானத்துக்குள் போகும் பாதையின் முனையில் அம்மா கையைக் காட்டி இரண்டையும் நிறுத்தச் சொன்னார்.

"எந்திரிங்க" என்றார் அத்தாவிடம். "எப்பவும் கதவாண்டயே என்னை விட்டுட்டுப் போவீங்கல்ல? இங்கருந்து ஒண்ணா நடக்கலாம்."

அத்தா எழுந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். அம்மா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.