நகக்கீறல்

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டு, "வாங்கடா, இன்னிக்கு யார் யாரெல்லாம் வந்திருக்கீங்க பாப்போம்" என்று கணினித் திரையிடம் பேச ஆரம்பிப்பார் கோடு அக்கா. அப்போது மணி காலை ஏழேகால். மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கி விடியலுக்குச் சற்று முன் எடுத்த படங்கள் அதற்குள் அடிவாரத்து அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். கறுப்புப் பரப்பில் பொடிப்பொடியாக நட்சத்திரங்கள், அவற்றின் குறுக்கே வெள்ளைக் கோடுகள். கோடு என்றால் செயற்கைக்கோள். படம் பதிவாகும் அரை நிமிடத்தில் அது பளபளத்துக்கொண்டு கடந்துபோன தடம். பெரிய கோடுகளைக் கணினியே தள்ளிவிடும். அது தயங்கும் இடங்களை எல்லாம் பார்த்து, பெருக்கல் குறி போட்டு ஒதுக்குவது அக்காவின் உத்தியோகம்.

நியமன உத்தரவில் நீளமாக ஒரு பதவிப் பெயர் இருக்கிறது. அது அக்காவுக்கே மறந்துவிட்டது. கேன்டீன்காரர் "கோடு அக்காவுக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி" என்று கத்தி இருபது வருடமாக அதுவே நிலைத்துவிட்டது. அக்காவும் லேசுப்பட்டவர் இல்லை. கோடுகளுக்கே பட்டப்பெயர் வைத்திருக்கிறார். படத்தை இரண்டாக வகுந்துகொண்டு போவது சாட்டை. புதிதாக ஏவப்பட்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போவது ஊர்வலம். உருண்டுகொண்டே போகும் பழைய செயற்கைக்கோள் ஒரு கணம் மட்டும் மின்னினால் குட்டையாக ஒரு தடம் விழும். அதற்குப் பெயர் நகக்கீறல்.

அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர். "நீ கோட்டைப் பாத்தா சம்பளம். நான் கோட்டைத் தாண்டுனா அபராதம்" என்று சாப்பிடும்போது வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். அக்கா வாரம் ஒரு தடவை சிரித்துவைப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாதத்துக்கு நாலைந்து கோடு விழுந்தால் அதிகம். முதல் கோட்டைப் பார்த்தபோது அக்கா எதையோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி சாரின் அறைக்கு ஓடினார். சாரும் எழுந்து வந்து, அது எந்த நாட்டுச் செயற்கைக்கோள், என்ன உயரத்தில் போகிறது என்று பொறுமையாகச் சொன்னார். இரண்டு பேரும் அதை ஒரு விருந்தாளியைப் போல வேடிக்கை பார்த்தார்கள். இப்போது ஒரு காலைக்கு நானூறு. அக்காவின் வலது மணிக்கட்டில் வலிக்கு ஒரு பட்டை ஏறிவிட்டது. கண்ணுக்குச் சொட்டு மருந்து மேசையிலேயே இருக்கிறது. வானம் இப்படிக் கிறுக்கித் தள்ளின சிலேட்டாகும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

சார் என்பவர் இந்த நிலையத்தின் மூத்த ஆய்வாளர். சூரியனுக்கு வெகு அருகில், உள்வட்டத்திலேயே சுற்றுகிற சிறு பாறைகளைத் தேடுகிறார். பகல் வெளிச்சத்தில் அவை தெரியாது. விடியலுக்கு முந்தின ஒரு மணி நேரத்தில், கீழ்வானத்தை ஒட்டிப் பார்த்தால்தான் உண்டு. செயற்கைக்கோள்கள் வெயில் பட்டு அதிகமாக மின்னுவதும் அதே நேரத்தில், அதே இடத்தில். பத்தொன்பது வருடம் தேடி அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கறுப்புப் பூச்சாவது பூசி அனுப்புங்கள் என்று ஏவுகிற நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுவார். தங்கள் கருத்தை மதிக்கிறோம் என்று பதில் வரும். "மதிப்புக்கு மட்டும் கொறச்சல் இல்லம்மா" என்று சிரிப்பார். இந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு.

அக்காவால் கோடுகளை மனம்விட்டுத் திட்டவும் முடிவதில்லை. ஒரே மகன் சரக்குக் கப்பலில் இயந்திரப் பிரிவில் இருக்கிறான். முன்பெல்லாம் கரைக்கு வந்தால்தான் அவன் குரல் கேட்கும். நாற்பது நாளுக்கு ஒருமுறை, இரைச்சலோடு மூன்று நிமிடம். போன வருடம் கப்பல் மேல்தளத்தில் ஒரு ஆன்டெனாத் தட்டு பொருத்தினார்கள். அப்போதிருந்து தினமும் மத்தியானம் நடுக்கடலிலிருந்து முகம் தெரிய அழைக்கிறான். முகப்பரு வந்தால்கூடத் தெரிகிறது. அந்தத் தட்டு எந்தக் கோடுகளோடு பேசுகிறது என்று அக்காவுக்குத் தெரியாதா என்ன? "காலையில திட்டுனவனையே மத்தியானம் கும்பிட வேண்டியிருக்கு" என்று கேன்டீனில் ஒருமுறை சொன்னார். மகனிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. அம்மா நட்சத்திரம் பார்க்கிறவள் என்று அவன் கப்பல் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டிருக்கிறான்.

மூன்று வாரத்துக்கு முன் சார் தன் அறையிலிருந்து அநேகமாக ஓடியே வந்தார். "கெடைச்சிருச்சும்மா! இருக்கும்னு சொன்னேன்ல?" வேறொரு நாட்டு நிலையத்துக்கு அப்படி ஒரு பாறை அகப்பட்டிருந்தது. முதலில் அறிவித்தவர்களுக்கே பெருமையும் பெயர் வைக்கும் உரிமையும். சார் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் தன் டம்ளரை ஆறவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அக்காவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அறிவிப்பில் அந்தப் பாறை வந்த பாதையைக் கொடுத்திருந்தார்கள். அது முந்தின நாட்களில் எங்கே இருந்திருக்கும் என்று பழைய படங்களின் மேல் பாதையைப் பொருத்திப் பார்த்தார். ஒன்பது நாளுக்கு முந்தைய படம் ஒன்றில், பாதை நேராகப் போய் ஒரு நகக்கீறலின் மேல் உட்கார்ந்தது. அதன்மேல் அக்காவின் பெருக்கல் குறி.

ஒரே இடத்தைக் கால் மணிக்கு ஒன்றாக நான்கு படம் எடுப்பார்கள். வேகமாக நகரும் பாறையும் ஒரு படத்தில் இப்படிக் குட்டைத் தடமாகத்தான் விழும். ஆனால் பாறை என்றால் நான்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும். செயற்கைக்கோள் என்றால் மறுபடி தலைகாட்டாது. அன்று முதல் படத்தில் கீறல் இருந்தது. இரண்டாவதில் அதே இடத்தை ஒரு சாட்டை மறைத்தது. மூன்றாவதில் ஊர்வலம் போனதால் கணினியே படத்தைத் தூக்கி எறிந்திருந்தது. நான்காவது எடுப்பதற்குள் விடிந்துவிட்டது. எஞ்சியது ஒரே படத்தில் ஒரே கீறல். அன்று காலையில் பார்த்தது நானூற்றுப் பதினொன்று. அந்தக் கீறலுக்கு இரண்டு நொடிகூடச் செலவழித்திருக்க மாட்டார்.

இது யாருக்கும் தெரியாது. ஒதுக்கிய படங்கள் நாற்பத்தைந்து நாளில் தானாக அழிந்துவிடும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அன்றிரவே கணவரிடம் சொன்னார். "சொல்லி என்ன ஆவப்போவுது? அந்த மனுசன் நிம்மதியாப் போவட்டும், விடு" என்றார் அவர். அதிலும் நியாயம் இருந்தது. பத்து நாள் அக்கா மூச்சு விடவில்லை. டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டதாகக் கேன்டீன்காரர் வந்து சொல்லும்வரை, வெறும் டீயைக் குடிக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

பதினோராம் நாள் சார் தன் கடைசி அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். எழுத்துப் பிழை பார்ப்பதில் அக்கா கெட்டிக்காரர். அதில் ஒரு வரி: அந்தப் பாறை எங்கள் படங்களில் பதிவாகவில்லை. "நம்ம படத்துல விழுந்திருந்தா உங்க கண்ணுக்குத் தப்புமா? அது நம்ம பக்கம் வரவே இல்லம்மா. அந்த ஒரு ஆறுதல் போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அக்கா ஒரு மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் அவருடைய ஆறுதல் போகும். சொல்லாவிட்டால் பத்தொன்பது வருட வேலையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பொய் நிற்கும், அதுவும் தன் கையால். பழைய படத்தைத் திறந்து பெருக்கல் குறியை நீக்கினார். இனி அது அழியாது. யார் எப்போது நீக்கினார்கள் என்பதும் பதிவேட்டில் இருக்கும். படத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனார். இத்தனை வருடத்தில் தட்டிவிட்டுப் போனதில்லை, அன்று தட்டினார்.

"உங்க தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேன் சார்."

சார் தாளை ஜன்னல் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பாதைக் கணக்கைக் கேட்டார். அக்கா சொன்னார். "அன்னிக்கு எத்தனை கோடு?" என்றார் சார். "நானூத்திப் பதினொண்ணு."

"நானா இருந்தாலும் இதைக் கோடுன்னுதாம்மா போட்டிருப்பேன்."

"இல்ல சார். நீங்க போட்டிருக்க மாட்டீங்க."

சார் அறிக்கையைப் பிரித்து அந்த வரியை அடித்தார். மேலே சின்ன எழுத்தில், 'பதிவானது. அடையாளம் காணப்படவில்லை' என்று எழுதினார். யாரால் என்று எழுதவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

அக்கா மேசைமேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. திரையில் மகனின் படம்.

"எடுங்கம்மா, கப்பல்லேருந்து."

"அப்புறம் பேசிக்கறேன் சார்."

"அவனுக்கு அப்புறம் வேலை நேரம் வந்துரும்." சாரே போனை எடுத்து, விரலால் தள்ளித் திறந்து, அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். நீலக் கடலுக்கு முன்னால் எண்ணெய்க் கறை படிந்த கன்னத்தோடு மகன் சிரித்தான். ஒரு புள்ளிகூடக் கலங்காத படம்.

"என்னம்மா, இன்னிக்குப் புதுசா ஏதாவது பாத்தியா?"

"பாத்தேன்டா" என்றார் அக்கா. அவருடைய இடது கை மேசைமேல் மெல்ல நகர்ந்து, அச்செடுத்த அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தது.